இது ஒமக்கு வேண்டாம்லா?

“கர்க்கடகம், இரண்டாம் சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. இடம்: சாலை, இரும்புக்கடை மாடி. தீம்: கடைசி வண்டி. வாய் கழுவல் முடிந்தது. ஒருவர் மட்டும் வழக்கம்போல் ஒன்றும் தோன்றவில்லை என்றார்.”

அன்றைய என் குறிப்பு இவ்வளவுதான். மாதங்கள் மலையாளக் கணக்கு; கர்க்கடகம் என்றால் ஆடி. வருடமும் எழுதிவைத்திருக்கிறேன். இங்கே அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டவள் ஜெயா. ஜெயா என்பதும் அவள் பெயர் இல்லை. அந்த ஒருவனின் பெயரை எழுத வேண்டாமென்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. எழுதினால் அதையும் எடுத்துத் தனக்கு உபயோகப்படுத்திக்கொள்வான் என்பதால் நானே எழுதவில்லை.

சாலை என்ற கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். கடை மாடியில் ஒரு ஹால் சும்மா கிடந்தது. அதில் சில மாதங்களுக்கு ஒருமுறை, சனி ஞாயிறுகளில், கேம் ஜாம் நடக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யத் தெரிந்த பிள்ளைகள் கூடுவார்கள். சனிக்கிழமை காலையில் ஒரு தீம் அறிவிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அதை வைத்து ஆளுக்கொரு சின்ன விளையாட்டைப் புதிதாகச் செய்து காட்ட வேண்டும். ஹால் சாவி என்னிடம் இருந்ததால் போகத் தொடங்கினேன். நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கத்தால் தொடர்ந்து போனேன்.

எனக்குப் பிடித்தது தீம் ஒன்றை அவர்கள் திருப்பிப் பார்க்கும் விதம். ‘எடை’ என்று ஒரு தீம் வந்தது. ஒரு பெண் பட்டம் விடும் விளையாட்டு செய்தாள். நூலில் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும், பட்டம் கீழே வரக்கூடாது. இன்னொருவன் எதையும் தூக்கவே வைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் யார் எழுந்து போனால் பேச்சு நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் எடைதான். இரண்டையும் பார்த்துவிட்டு அன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தபடி நடந்துபோனது நினைவிருக்கிறது.

இந்தத் திருப்பிப் பார்த்தலுக்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதன் பெயர்தான் வாய் கழுவல். தீம் சொன்னதும் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, மனதில் முதலில் வந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். முதலில் வருவது எல்லோருக்கும் வருவது என்பது அவர்கள் கணக்கு. ‘இருட்டு’ என்றால் பத்துப் பேருக்கு டார்ச் லைட்தான் வரும். அதைத் துப்பிவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது மேலே வரும். சொன்னதை யாரும் செய்யக்கூடாது.

கொப்பளித்துத் துப்பப் போகிறோம் என்ற தைரியத்தில் எல்லோரும் தாராளமாகச் சொன்னார்கள். வீட்டுச் சங்கதி, அப்பாவின் குடி, பரீட்சையில் தோற்றது எல்லாம் அந்தப் பாயில் விழுந்தன. வெளியே யாரும் எடுத்துப் போனதில்லை. அவன் வரும்வரை.

அவனுக்குக் கரமனைப் பக்கம் வீடு, பூர்வீகம் நாகர்கோவில், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல உயரம். வெள்ளைச் சட்டை எப்போதும் சுத்தமாக இருக்கும், விரல்கள் மட்டும் எப்போதும் பிசுபிசுத்திருக்கும். என் குறிப்புகளில் அவனைப் பற்றிய முதல் வரி ஜாமைப் பற்றியதே இல்லை. “சுரேஷின் பழம்பொரியை எடுத்தார்” என்று இருக்கிறது.

கீழே டீக்கடையிலிருந்து, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வரும். பிள்ளைகளில் ஒருவனான சுரேஷ் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைக் காகிதத்தில் வைத்துக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பழம்பொரி கையில் ஏறிய பிறகுதான் கேள்வி வந்தது.

“இது ஒமக்கு வேண்டாம்லா?”

சுரேஷ் திரும்பிப் பார்ப்பதற்குள் பல் பதிந்த பக்கமே அவன் வாய்க்குள் போயிருந்தது. பிறகு அந்த விரலாலேயே சுரேஷின் திரையைத் தொட்டு, இந்த இடத்தில் நிறம் சரியில்லை என்றான். சரியில்லைதான். எண்ணெய் ரேகை ஞாயிற்றுக்கிழமைவரை திரையில் இருந்தது.

அவன் பசித்தவன் இல்லை. தனக்கென்று ஒரு தட்டு வாங்கி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அடுத்தவன் குடித்து வைத்த டீ, பிரியாணியில் ஒதுக்கிய எலும்பு, தயிர் ஒட்டிய கிண்ணம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஒருநாள் சுரேஷ் அவன் கண்ணெதிரே உளுந்து வடையைச் சுற்றி நக்கிவிட்டு வைத்தான்.

“இப்ப எடும், பாப்போம்.”

“ஓ, சட்னி மிச்சமாச்சு” என்று சொல்லி எடுத்துத் தின்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மீதம் வைக்காமல் சாப்பிடப் பழகினார்கள்.

வாய் கழுவலில் அவன் முறை வரும்போது இரண்டு கையையும் விரிப்பான். “எனக்கு ஒண்ணும் தோணல்ல கேட்டேளா.” சொல்லிவிட்டு மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தட்டுகளைப் பார்க்கும் அதே பார்வை.

‘ஒரு கதவு’ என்ற தீமில்தான் முதலில் தெரிந்தது. சுரேஷ் சொன்னான்: அவர்கள் வாடகை வீட்டில் குளிமுறிக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அக்கா உள்ளே இருக்கும்போதெல்லாம் பாட்டு பாடிக்கொண்டே இருப்பாள், யாரும் தள்ளிவிடக் கூடாதென்று. அவளுக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று உறவுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தோம். சுரேஷ் பிறகு வேறு எதையோ செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒன்றும் தோன்றவில்லை என்றவனின் விளையாட்டில் ஒரு பெண் தாழ்ப்பாளில்லாத கதவுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரர் மூச்சு விடும் இடத்தைச் சரியாகப் பார்த்துத் தட்ட வேண்டும். தவறினால் கதவு திறக்கும். திறந்தால் என்ன தெரியும் என்பதையும் காட்டியிருந்தான். தீமுக்கு மிகப் பொருத்தம் என்று அதற்குத்தான் பரிசு கொடுத்தார்கள்.

சுரேஷ் அவனிடம் கேட்டான். சொன்னதை யாரும் செய்யக்கூடாது என்பது ஏற்பாடு இல்லையா?

“சொன்னவன் செய்யக்கூடாது. நான் சொல்லல்லியே” என்றான். பிறகு, கோபப்படாதே என்பதுபோல் தோளில் கை வைத்து, “நீரு துப்பினதுலா ஓய். தரையில கெடந்தத எடுத்தேன்.”

சிலர் அவன் பக்கம் பேசினார்கள். நியாயமாக எழுத வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும்: அவன் கை தேர்ந்த கை. சுரேஷ் அதையே செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. மோசமாகச் செய்திருந்தால் மறந்திருப்போம்.

ஒன்றும் தோன்றவில்லை என்று அவன் சொல்வது வெறும் சாமர்த்தியம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு வந்த ஒரு ஜாமில் சீக்கிரமாக வந்து எனக்குப் பாய் விரிக்க உதவினான். உண்மையைச் சொல்லும், தீம் கேட்டதும் உமக்கு என்னதான் தோன்றுகிறது என்று கேட்டேன்.

“நெசமாவே ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கண்ண மூடினா வெறும் செவுரு. இவனுவளுக்கெல்லாம் எப்பிடி உடனே வருதுன்னு எனக்கு ஆச்சரியமாட்டு இருக்கும்.”

அவன் பொய் சொல்லவில்லை. பாயின் ஓரத்தை மடித்துக்கொண்டே, சின்ன வயதில் வீட்டில் யாரும் எதுவும் பேசமாட்டார்கள் என்று ஏதோ சொல்ல வந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. நான் பாதி குடித்து வைத்திருந்த டீயை அப்போது எடுத்துக் குடித்தான். இரக்கம் போய்விட்டது.

ஜெயா போனக்காட்டுப் பெண். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகள். நகரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, விளம்பரக் கம்பெனி ஒன்றில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா மட்டும் மலையில், தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்தில், பழைய வீட்டிலேயே இருந்தார். ஜாமுக்கு ஜெயா வந்தது ‘கடைசி வண்டி’க்குக் கொஞ்சம் முன்னால்தான். வாய் கழுவல் அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டால் லேசாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

அந்தக் கர்க்கடகச் சனிக்கிழமை, மழைச் சத்தத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி அவள் சொன்னது இது. அவளுடைய அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒருநாள் பஸ்ஸில் கீழே போனார், திரும்பவில்லை. அன்றிலிருந்து சாயங்காலத்துக் கடைசி வண்டி வரும்போது அம்மா ஸ்டாப்புக்குப் போவார்.

“ஆனா இறங்குறவங்க மொகத்தப் பாக்க மாட்டா. காலத்தான் பாப்பா. கீழ என்னமோ விழுந்துட்ட மாதிரி தேடிக்கிட்டு நிப்பா. மொகத்தப் பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல, இன்னும் காத்திருக்கான்னு. கால்ல என்னத்தப் பாக்குற, என்ன அடையாளம்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். சொல்ல மாட்டா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். “சரி, துப்பியாச்சு. அடுத்த ஆளு.”

அடுத்த ஆள் அவன். கையை விரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயா காட்டியது யாருமில்லாத ஒரு பஸ்ஸுக்குள் மழை ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைக்கும் விளையாட்டு. அழகாக இருந்தது. அவளுக்குப் பின் அவனுடையது வந்தது.

திரையில் பஸ்ஸின் படிக்கட்டு மட்டும். அதில் கால்கள் இறங்கின. செருப்புக் கால், பூட்ஸ் கால், சேறு படிந்த கால், வீங்கிய கால். சரியான காலைத் தொட வேண்டும். தவறான காலைத் தொட்டால் அதில் ஓர் அட்டைப்பூச்சி ஏறும். தவறத் தவற அட்டைகள் பெருத்து, வெடித்து, திரை முழுக்க ரத்தமாகும். சரியான காலுக்கு ஆறு விரல். ஹாலில் சிரிப்பு, அருவருப்பில் கூச்சல், கைதட்டல். ஜெயா தன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஜட்ஜாக வந்த கல்லூரி ஆசிரியர், கடைசி வண்டி என்றதும் எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், இவர் ஒருவர்தான் இறங்குகிறவர்களைப் பார்த்தார் என்று புகழ்ந்தார்.

கூட்டம் கலையும்போது ஜெயா அவனிடம் போனாள். “சேட்டா, அது எங்கம்மா.”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டவன்போல் பார்த்தான்.

“நீதானே துப்பின. இது ஒனக்கு வேண்டாம்லா?”

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சிங்க மாதம் பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் யாரிடமும் சொல்லாமல், பிஸ்கட் பாக்கெட்டோடு போனக்காட்டுக்குப் போயிருக்கிறான். ஜெயாவோடு வேலை செய்கிறவன் என்று சொன்னதும் அவளுடைய அம்மா உட்கார வைத்து, கப்பைக்கிழங்கும் மீனும் போட்டிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே போனில் ரெக்கார்ட் செய்திருக்கிறான். காலில் என்ன அடையாளம் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சரி, இறங்கினவர் உங்கள் வீட்டுக்காரர் இல்லையென்றால் மனதுக்குள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான். மகளின் கூட்டுக்காரனாயிற்றே என்று நம்பி அவரும் சொன்னார்.

“நீங்க இல்ல. போங்க.”

இவ்வளவுதான். கன்னி மாதம் விளையாட்டை விரிவாக்கி, போனில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டபோது, ஒவ்வொரு தவறான காலுக்கும் அந்தக் குரல் வந்தது. மரியாதையான, கொஞ்சம் மூச்சு வாங்கும் குரல். நீங்க இல்ல. போங்க. அட்டை ஏறும். நீங்க இல்ல. போங்க. இன்னொன்று ஏறும்.

லயத்துப் பிள்ளைகள் கையிலும் போன் உண்டு. குரலைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமாகவில்லை. அவர் தண்ணீருக்குப் போனால் பின்னாலிருந்து அதே சுருதியில் சொன்னார்கள். ஸ்டாப்பில் நின்றால் பஸ்ஸுக்குள்ளிருந்தே காலை நீட்டிக் காட்டினார்கள். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஸ்டாப்புக்குப் போவதை விட்டுவிட்டார்.

“நல்லதுதான்னு சொல்லுறாங்க அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல. இனியாவது விட்டாளேன்னு.” ஜெயா இதைக் கடை வாசலில் நின்று சொன்னாள். “அந்த நேரத்துக்கு இப்ப கதவ அடச்சுக்கிட்டு உள்ள இருக்கா. பஸ் சத்தம் போற வரைக்கும் பேச மாட்டேங்குறா. அந்தக் குரல எடுத்துரணும். அது மட்டும் போதும் எனக்கு. நீங்க கூட வாங்க.”

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் அவனை வரச் சொன்னோம். வந்தான். சட்டை சுத்தமாக இருந்தது. ஜெயா சுற்றி வளைக்காமல் கேட்டாள். குரலை எடுத்தால் விளையாட்டில் உயிரே இருக்காது என்று அவன் விளக்கினான். அவனுக்கு வந்த பாராட்டுகளையெல்லாம் போனில் காட்டினான். அதில் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தார். அதை ஜெயாவிடமே நீட்டினான், அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்து.

“அவங்களா தந்ததுலா” என்றான். “நான் கேட்டுட்டுத்தானே எடுத்தேன்?”

“எதுக்குன்னு சொன்னீங்களா?”

“அவங்க கேக்கல்லியே.”

ஜெயா தன் டீயில் பாதிதான் குடித்திருந்தாள். அவன் கண் அந்தக் கிளாசுக்குப் போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம். கை வருவதற்குள் அவள் கிளாசை எடுத்து, வாயருகே கொண்டுபோய், நிதானமாக அதற்குள் துப்பினாள். மேசைமேல் அவன் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம்.”

அவன் கிளாசைப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். குடித்தான். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, “சரி, கொரல எடுத்துடுதேன். போருமா?” என்றான்.

சொன்னபடி அந்த வாரமே எடுத்தான். அந்த இடத்தில் அவனே பேசி வைத்தான். தொண்டையைச் சுருக்கி, பெண் குரலில், அதே மூச்சு வாங்கலோடு. நீங்க இல்ல. போங்க. போன் செய்து கேட்டதற்கு, சொன்ன வாக்கைக் காப்பாற்றியாயிற்று, இது தன் சொந்தக் குரல்தானே என்றான். அவனுடையதென்று அவன் செய்த ஒரே பொருள் எனக்குத் தெரிந்து அதுதான். முழுதாகக் கேட்க முடியாமல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

துலாம் மாதத்து ஜாமுக்கு அவன் வரவில்லை. பெங்களூரில் பெரிய கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள் என்று சுரேஷ் சொன்னான். அந்தச் சனிக்கிழமைத் தீம் ‘கடன் வாங்கியது’. வாய் கழுவலுக்கு வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் பெண் வாயைத் திறந்தாள், சுற்றிப் பார்த்தாள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாள். அடுத்தவனும் அதையே சொன்னான். பாய் முழுக்க அதே பதில் சுற்றி வந்தது. அவன் இல்லாத ஹாலில் எல்லோரும் அவன் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த விளையாட்டுகளில் பாதிக்கு மேல் வட்டிக்கடை. அன்றைய குறிப்பில், “வாய் கழுவல் நடந்தது” என்று எழுதி, அதை அடித்துவிட்டு, “நடக்கவில்லை” என்று எழுதியிருக்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஜெயாவிடம் கொடுத்தேன். இரண்டு வாக்கியங்களை அடித்தாள். அவை இங்கே இல்லை. கடைசிப் பகுதியை எழுதச் சொன்னவளும் அவள்தான்.

விருச்சிகத்தில் ஒருநாள் அவளோடு போனக்காட்டுக்குப் போனேன். அந்தத் தடத்தில் பல வருடமாகப் போகும் கண்டக்டர் ஒருவர், டிக்கெட் கொடுத்துவிட்டு ஜெயாவிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, ஸ்டாப்பில் காணோமே என்று விசாரித்தார். பிறகு தானாகவே ஒன்றைச் சொன்னார். அம்மா வராமலான பிறகு, ஒருநாள் கடைசி வண்டியில் வயசான ஓர் ஆள் மேலே வந்தார். ஸ்டாப்பில் இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வண்டி திருப்பும்வரை அங்கேயே நின்றார். பிறகு அதே வண்டியில் ஏறி, கீழே போக டிக்கெட் கேட்டார். மேலே வந்த உடனேயே கீழே போக டிக்கெட் எடுத்ததால்தான் ஞாபகம் இருக்கிறது என்றார்.

ஜெயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கிழமை என்று நான் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காலில் ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டேன்.

“கால யாரு சாரே பாக்குறது?” என்றார். “நாங்க டிக்கெட்டத்தான் பாப்போம்.”

வந்தவர் யார் என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. டெப்போவில் விசாரித்தேன், டிரைவருக்கு நினைவில்லை. தோட்டத்துக்கு வேடிக்கை பார்க்க வந்த யாரோவாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் அந்தச் சாயங்காலம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். அவரிடம் இதைச் சொல்வதா என்று ஜெயா இன்னும் முடிவு செய்யவில்லை. காலில் எந்த அடையாளத்தை அவர் தேடினார் என்பதும் இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.